அம்மாவை மலையேற்றிய மேப்



இந்த வார எபிசோட்டை எடிட் செய்யும்போதுதான் கவனித்தேன்: மேப் பற்றிய பகுதியில் முக்கால்வாசி நேரம் நான் கத்திக்கொண்டே இருக்கிறேன். ஹெட்ஃபோனில் கேட்டவர்கள் மன்னிக்கவும். ஏன் அவ்வளவு சூடு என்று அங்கே சொல்ல நேரம் கிடைக்கவில்லை. இங்கே சொல்கிறேன்.

என் அம்மா யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்தபோது அங்கே சைக்கிள்தான் கார், பஸ், லொறி எல்லாமே. அம்மா அந்த வயதில் கரியரில் தம்பியை ஏற்றி, ஹாண்டிலில் இரண்டு பை கொழுவி, ரியூஷனுக்கும் சந்தைக்கும் போய் வந்தவர். லண்டனுக்கு வந்த பிறகு சைக்கிளைத் தொட்டதே இல்லை. போன வருடம் வேலை நேரம் குறைந்ததும், "எனக்கொரு சைக்கிள் வாங்கித் தா பிள்ளை" என்று கேட்டார். நாங்கள் இருப்பது சவுத் ஹரோவில். அவருடைய வேலை ஹரோ டவுன் சென்டரில். இரண்டு மைலுக்கும் குறைவு. சுகமான ஓட்டம் என்றுதான் நானும் நினைத்தேன்.

நான்தான் ஃபோனை ஹாண்டிலில் பூட்டி, எல்லோரும் பாவிக்கிற ஓர் ஆப்பில் சைக்கிள் படத்தை அழுத்திக் கொடுத்தேன். நீலக் கோடு வந்தது. அம்மா அதை நம்பிப் போனார்.

அந்தப் பக்கம் தெரிந்தவர்களுக்கு இப்பவே விளங்கியிருக்கும். சவுத் ஹரோவுக்கும் ஹரோ டவுன் சென்டருக்கும் நடுவில் ஹரோ-ஆன்-த-ஹில் இருக்கிறது. பெயரிலேயே மலை. நீலக் கோடு நேரே அதன்மேல் ஏறி மறுபக்கம் இறங்கியது. யாழ்ப்பாணம் தட்டையான நிலம். அம்மாவின் கால்களுக்குத் தெரிந்த சைக்கிளோட்டத்தில் ஏற்றம் என்ற ஒன்றே கிடையாது. கியர் மாற்றியும் பழக்கமில்லை. ஏற்றத்தில் இறங்கித் தள்ளினார். அது பரவாயில்லை. இறக்கத்தில்தான் பயந்துபோனார். பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி, பின்னால் ஒரு கார் ஹோர்ன் அடிக்க, பாதி வழியில் இறங்கி மதிலோரமாக நின்றுவிட்டார்.

அந்த மலையில் குரோவ் ஹில் என்ற சரிவில் ஒரு பலகை இருக்கிறது. 1899 பெப்ரவரியில் அங்கே இறங்கிய ஒரு காரின் சக்கரம் உடைந்து விபத்தானது. பிரிட்டனில் காரை ஓட்டியவரே உயிரிழந்த முதல் விபத்து அது. நூற்றிருபது வருடத்துக்கு முந்தியே ஊருக்குத் தெரிந்த சரிவு அது. ஃபோனில் அதுவும் மற்றத் தெருக்களைப் போல ஒரு நீலக் கோடு.

வீட்டுக்கு வந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "எனக்கு வயசு போட்டுது, இனி உது சரிவராது" என்றார். எனக்கு ஏறிய கோபம் அந்த வசனத்தில்தான். பிழை விட்டது மேப். தன்னைக் குறை சொன்னது அம்மா. சைக்கிள் மூன்று மாதம் ஷெட்டில் கிடந்தது.

நியாயமாகச் சொன்னால், அந்த ஆப் பொய் சொல்லவில்லை. தூரம் சரி. நேரமும் ஓர் இருபத்தைந்து வயதுக்காரருக்குச் சரியாக இருந்திருக்கும். ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ஒரு சின்னக் கிராஃப்கூட உள்ளே இருந்தது. இரண்டு முறை தட்டினால் வரும். எதைக் கண்ணுக்கு முன்னால் வைப்பது, எதைத் தட்டினால் மட்டும் காட்டுவது என்று யாரோ ஓர் அறையில் இருந்து முடிவெடுத்திருக்கிறார்கள். மேப் டிசைனில் பெரிய வேலை அதுதான். நிறமும் எழுத்துருவும் அதற்குப் பிறகு.

என் கட்சியை நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். நடப்பவருக்கும் சைக்கிள் ஓட்டுபவருக்கும் போடுகிற மேப்பில், ஒரு தெருவைப் பார்த்தவுடனே அதில் போவது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். அந்தத் தெரு எந்தத் திட்டத்தில் வருகிறது, யார் பராமரிக்கிறார்கள் என்பதெல்லாம் கவுன்சிலுக்குத் தேவை. அம்மாவுக்குத் தேவையில்லை.

இப்போது இருக்கிற பெரும்பாலான மேப்கள் கார் மேப்பின் பிள்ளைகள். கார் மேப்பில் தடித்த கோடு என்றால் நல்ல ரோடு, வேகமாகப் போகலாம். மெல்லிய கோடு என்றால் அதைத் தவிர்க்கலாம். நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் இது அப்படியே தலைகீழ். தடித்த கோட்டில்தான் லொறி வரும், மெல்லிய கோட்டில்தான் மூச்சு விடலாம். ஆனால் கண் என்ன செய்யும்? தடித்த கோட்டைத்தான் பிடிக்கும். பழைய கார் மேப்பை எடுத்து அதன்மேல் பச்சையில் சில புள்ளிக்கோடுகளைப் போட்டு "சைக்கிள் மேப்" என்று விட்டால், கண்ணை முதலில் இழுப்பது ஆபத்தான ரோடாகவே இருக்கும்.

சைக்கிளுக்கென்றே செய்த மேப்களிலும் சிக்கல் உண்டு. ஓப்பன்சைக்கிள்மேப் எனக்குப் பிடித்த ஒன்று, அதைப் பார்த்துத்தான் நான் மேப் பைத்தியம் ஆனேன். அதில் சிவப்பு என்றால் தேசியப் பாதை, ஊதா பிராந்தியப் பாதை, நீலம் உள்ளூர்ப் பாதை. யோசித்துப் பாருங்கள்: அந்த மூன்று நிறமும் சொல்வது நிர்வாக அடுக்கை. சிவப்புக் கோட்டில் எட்டு வயதுப் பிள்ளை போகலாமா, மழைக்குப் பிறகு சேறாகுமா என்பதை நிறம் சொல்லாது.

பிரிட்டனின் தேசிய சைக்கிள் பாதை வலையமைப்பை நடத்திய சஸ்ட்ரான்ஸ் அமைப்பு 2018இல் தன் பாதைகளைத் தானே மதிப்பிட்டு வெளியிட்டது. கிட்டத்தட்டப் பாதி மோசம் என்று அவர்களே ஒத்துக்கொண்டார்கள். 2020இல் வலையமைப்பின் ஏறத்தாழக் கால் பங்கை நீக்கினார்கள் அல்லது வகை மாற்றினார்கள். வேகமான வாகனங்களோடு ரோட்டைப் பங்குபோடும் பகுதிகள் அதில் நிறைய. பலர் திட்டினார்கள். நான் கைதட்டினேன். அன்றுவரை அந்தக் கோடுகளை நம்பிப் பிள்ளைகளோடு போய், நடுவழியில் லொறிகளுக்கு இடையில் மாட்டிய குடும்பங்கள் எத்தனையோ! ஒரு மேப்பில் கோடு போடுவது ஒரு வாக்குறுதி. காப்பாற்ற முடியாவிட்டால் அழிப்பது மரியாதை.

சரி, "போவது எப்படி இருக்கும்" என்பதை எப்படி அளப்பது? அது ஆளுக்கு ஆள் மாறாதா? மாறும். ஆனால் அளக்கவே முடியாது என்பது சோம்பேறித்தனம். 2012இல் கலிபோர்னியாவின் மினெட்டா போக்குவரத்து நிறுவனத்துக்காக மெக்கூரியா, ஃபர்த், நிக்சன் என்ற மூன்று பேர் ஓர் ஆய்வு செய்தார்கள். சான் ஹோசே நகரத்தின் தெருக்களை, சைக்கிள் ஓட்டுபவருக்குத் தரும் மன அழுத்தத்தின்படி நான்கு படிகளாகப் பிரித்தார்கள். முதல் படி, பிள்ளைகளும் போகக்கூடியது. இரண்டாவது, பெரும்பாலான பெரியவர்கள் பொறுத்துக்கொள்வது. நான்காவது, பயமே இல்லாத சிலர் மட்டும் போவது. வாகன வேகம், எத்தனை லேன், தனித்தடம் இருக்கிறதா, சந்தியைக் கடப்பது எப்படி என்று எண்ணி அளக்கக்கூடிய விஷயங்களை வைத்துத்தான் பிரித்தார்கள்.

அதில் என்னை உலுக்கியது ஒரு விதி: ஒரு பாதையின் அழுத்தம் அதன் சராசரி அல்ல, அதன் மிக மோசமான துண்டு. பத்து அமைதியான தெருக்கள் வழியாக வந்து, பதினோராவதாக ஆறு லேன் ரோட்டைச் சிக்னல் இல்லாமல் கடக்க வேண்டுமானால், அந்தப் பயணம் முழுக்க நான்காவது படிதான். அம்மா திரும்பி வந்துவிடுவார். இந்தக் கணக்கில் அமைதியான தெருக்களை மட்டும் விட்டு மற்றவற்றை அழித்தபோது சான் ஹோசே துண்டு துண்டுத் தீவுகளாக உடைந்தது. ஒவ்வொரு தீவுக்குள்ளும் ஓடலாம். அடுத்த தீவுக்குப் போக முடியாது.

இதைப் படித்த பிறகு எந்த மேப்பைப் பார்த்தாலும் நான் தேடுவது அந்த மோசமான துண்டைத்தான். பெரும்பாலும் அது இருக்காது. நீளமான பச்சைக் கோடு ஒரு பெரிய ரவுண்டபௌட் வரை வந்து நிற்கும், மறுபக்கத்தில் மறுபடி தொடங்கும். நடுவில் என்ன நடக்கும் என்பதை மேப் சொல்லாது. கோடு இல்லாத அந்த இடைவெளியில்தான் ஆளுக்குக் கைகால் நடுங்கும்.

நடப்பவர்களுக்கு வருவோம். இதில் லண்டன் ஒரு நல்ல காரியம் செய்தது. சந்திகளில் நிற்கும் அந்தக் கருநீலப் பலகைகள், மேலே மஞ்சள் பட்டையில் நடக்கும் மனிதன் இருக்குமே, அதுதான் லெஜிபிள் லண்டன். 2007இல் பொண்ட் ஸ்ட்ரீட் பக்கம் சோதனையாகத் தொடங்கினார்கள். அதற்கு முன் மத்திய லண்டனில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட வேறு வேறு வழிகாட்டிப் பலகை முறைகள் இருந்தன. ஒரு கவுன்சில் எல்லை தாண்டினால் பலகையின் மொழியே மாறும். நிறையப் பேர் தரைக்கு மேலே நடக்கவும் ட்யூப் மேப்பையே நம்பினார்கள். ஹாரி பெக் 1931இல் வரைந்து 1933இல் வெளிவந்த அந்த மேப் அபாரமானதுதான். ஆனால் ரயிலுக்குள் இருப்பவருக்கு எந்த ஸ்டேஷனில் மாறுவது என்று சொல்ல, தூரத்தை வேண்டுமென்றே நெளித்துவிட்டது. லெஸ்டர் ஸ்குவேரில் ட்யூப் ஏறி கொவென்ட் கார்டனில் இறங்கிய ஆள் நானும்தான். நடந்தால் சில நிமிடம்.

லெஜிபிள் லண்டனில் இரண்டு விஷயம் எனக்குப் பிடிக்கும். ஒன்று, வடக்கு மேலே இருக்காது. நீங்கள் பலகையைப் பார்த்து நிற்கும் திசைதான் மேலே. மேப்பில் வலப்பக்கம் இருப்பது உண்மையிலும் உங்கள் வலக்கைப் பக்கம். அமெரிக்க உளவியலாளர் மார்வின் லெவின் 1980களின் தொடக்கத்திலேயே இதைக் காட்டிவிட்டார்: "நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்" மேப்பைத் தப்பான திசையில் மாட்டினால், நிறையப் பேர் போக வேண்டிய திசைக்கு எதிர்த்திசையில் போவார்கள். அப்படியிருந்தும் இன்றைக்கும் எத்தனை பார்க்குகளில், ஆஸ்பத்திரிகளில் ஒரே மேப்பை அச்சடித்து எல்லாச் சுவரிலும் ஒரே மாதிரி ஒட்டுகிறார்கள். செலவு மிச்சம். நாங்கள்தான் வார்டைத் தேடி அலைவோம்.

இரண்டாவது, பெரிய கட்டிடங்களை அதன் உருவத்தோடே வரைந்திருப்பார்கள். கூரையைப் பார்த்தே அடையாளம் பிடிக்கலாம். இது அம்மாவின் வழி. ஊரில் அவர் வழி சொன்னால் ரோட்டுப் பெயர் ஒன்றும் வராது. "ஆலடிச் சந்தியாலை திரும்பி, தேர்முட்டி தாண்டி, வைரவர் கோயிலடியிலை இரண்டாவது ஒழுங்கை." இதைக் கேட்டுச் சின்ன வயதில் நான் சிரித்திருக்கிறேன். இப்போது பார்த்தால், நடக்கிற வேகத்தில் போகும் ஆளுக்கு அது மிகச் சரியான வழி. பெயர்ப்பலகை இருக்குமோ இல்லையோ, ஆலமரம் இருக்கும்.

ஆனால் அந்தப் பலகைகளில் இருக்கும் ஐந்து நிமிட நடை வட்டத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. ஐந்து நிமிடம் யாருக்கு? முழங்கால் வலியோடு நடக்கும் ஒருவருக்கு அந்த வட்டம் பாதியாகச் சுருங்கும். படிக்கட்டை மேப்பில் காட்டுகிறார்கள், அது நல்லது. ஏற்றத்தை வட்டம் கணக்கெடுப்பதில்லை.

நெதர்லாந்துக்கோ பெல்ஜியத்துக்கோ போனவர்கள் வேறொரு வழியைக் கண்டிருப்பீர்கள். பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் நிலக்கரிச் சுரங்கப் பொறியியலாளராக இருந்த ஹியூகோ பொலன் 1995இல் தொடக்கிவைத்த முறை. சைக்கிள் பாதைகள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண். 12இல் நின்றால் பலகை 15க்கும் 47க்கும் அம்பு காட்டும். வீட்டில் மேப்பைப் பார்த்து ஒரு துண்டுத் தாளில் எண்களை எழுதிக்கொண்டு கிளம்பலாம். ஃபோன் வேண்டாம், டச்சு மொழி தெரிய வேண்டாம், ஊர்ப்பெயரை உச்சரிக்கவும் வேண்டாம். ஸ்டார்ட்-அப் கனவுகளோடு இருக்கும் நம்மவர்கள் கவனிக்க: முப்பது வருடமாக ஓடும் இந்த "ப்ராடக்ட்" ஒரு மரக்கம்பும் ஓர் எண்ணும்தான்.

நண்பர் ஒருவர், ஆப் செய்பவர், என்னோடு வாதாடினார். "ஒரு தெருவை அமைதியானது என்று நாங்கள் நிறம் போட்டு, அங்கே ஒருவர் அடிபட்டால் யார் பொறுப்பு? தூரமும் நேரமும் உண்மை, மற்றதெல்லாம் அபிப்பிராயம்." பயம் நியாயமானது. ஆனால் அந்த நீலக் கோடும் ஓர் அபிப்பிராயம்தான். வேகம்தான் முக்கியம், ஏற்றம் முக்கியமில்லை என்று அது முடிவெடுத்தது. முடிவெடுத்ததை வெளியே சொல்லவில்லை. கேம்பிரிட்ஜில் இருந்து வரும் சைக்கிள்ஸ்ட்ரீட்ஸ் தளத்தைப் பாருங்கள். ஒரே பயணத்துக்கு வேகமான வழி, அமைதியான வழி, இரண்டுக்கும் நடுவான வழி என்று மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. முடிவு உங்கள் கையில். இதைச் செய்ய அவர்களிடம் பெரிய நிறுவனங்களின் பணம் இல்லை.

தரவு இல்லை என்ற சாட்டும் இப்போது பாதிதான் உண்மை. 2004இல் லண்டனில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில், ஒரு தெருவுக்கு வெளிச்சம் இருக்கிறதா, மேற்பரப்பு தாரா கல்லா, சரிவு எவ்வளவு, நடைபாதை விளிம்பு தாழ்த்தியிருக்கிறதா என்றெல்லாம் பதிய இடம் உண்டு. பதிய ஆள்தான் வேண்டும். ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற ஆண்ட்ராய்டு ஆப் அதை விளையாட்டாக்கிவிட்டது: தெருவில் நிற்கும்போது "இங்கே விளக்கு இருக்கிறதா?" என்று கேட்கும், நீங்கள் ஆம், இல்லை என்று அழுத்தலாம். இரவு ஏழு மணிக்குத் தனியாக நடந்து வரும் ஒரு பெண்ணுக்கு அந்த ஒரு பதில் போதும், எந்தத் தெருவால் வருவது என்று முடிவெடுக்க. ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ இருந்து இதைப் படிப்பவர்கள், குறிப்பாக ஒஸ்லோக்காரர்கள், உங்கள் ஏற்றங்களைப் பற்றி எனக்கு எழுதுங்கள்.

சைக்கிளுக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். மலையைத் தவிர்த்தால் இருப்பது சுற்றிப் போகும் ஏ312. ஏற்றம் குறைவு, ஆனால் பஸ்ஸும் லொறியும். இரண்டும் வேண்டாம் என்று, மூன்று ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் நடந்தே பின் தெருக்களைக் கோத்தோம். வீட்டுக்கு வந்து ஒரு ஏ4 தாளில் வரைந்தேன். முதல் வரைவில் நல்ல தெரு பச்சை, கெட்ட தெரு சிவப்பு. என் மச்சானுக்கு இரண்டும் ஒரே மண்ணிறமாகத் தெரிந்தது. ஆண்களில் கிட்டத்தட்ட 12 பேரில் ஒருவருக்கு இந்தப் பிரச்சினை உண்டு, நான் யோசிக்கவே இல்லை. அடுத்த வரைவில் நிறத்தை விட்டேன். அமைதியான தெருவைத் தடிப்பாகப் போட்டேன், ஏ312ஐ நூல் மாதிரி. இறங்கித் தள்ள வேண்டிய ஒரு சந்தியில் பெரிய வட்டம். தெருப் பெயர்களை அம்மாவே அடித்துவிட்டு, "மரக்கறிக்கடை", "நீலக் கதவு வீடு", "நாய் குரைக்கிற இடம்" என்று தன் எழுத்தில் எழுதினார். நாய் மேப்பில் வர வேண்டுமா என்று நான் கேட்டேன். அவர் பார்த்த பார்வையில் நாய் தங்கிவிட்டது.

ஆப் சொன்ன நேரத்தைவிட எட்டு நிமிடம் கூட எடுக்கும். அம்மா இப்போது கிழமைக்கு மூன்று நாள் போகிறார்.

போன கிழமை அந்தத் தாளை ஃபோட்டோ பிடித்துத் தன்னோடு வேலை செய்யும் ஓர் அன்ரிக்கு அனுப்பியிருக்கிறார். அன்ரி சைக்கிள் ஓடுவதில்லை, நடக்கிறவர். பதில் வொய்ஸ் மெசேஜாக எனக்கே வந்தது: "பிள்ளை, வடிவா இருக்கு. ஆனா இருந்து மூச்சு விட பெஞ்ச் எங்க எங்க கிடக்கெண்டு போடேல்லையே நீ?"

சனிக்கிழமை பெஞ்ச் எண்ணப் போகிறோம்.